பழைய வாசலில் இறங்கிய முள்ளு சார்

திருக்கோகர்ணத்தில், ஏன் இந்த உலகத்திலேயே, சொந்த வீட்டுக்குள் நுழைவதற்குத் தெருவை நாலு சுற்றுச் சுற்றிய மனிதர் முள்ளு சார் ஒருவர்தான். அதுவும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல்.

விமான நிலையத்தில் ரேடியோ கருவிகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். ஓடுபாதையில் இருந்து வரும் ரேடியோ அலையை வைத்து விமானத்துக்குள் இரண்டு முள் ஆடும். ஒன்று இடம் வலம் சொல்லும். மற்றது மேலே கீழே சொல்லும். இரண்டும் நடுவில் நின்றால் மேகத்துக்குள்ளும் விமானி கவலையில்லாமல் இறங்கலாம். சின்ன ஊர்களில் அந்த அலையை அனுப்பத் தரையில் நிலையம் கிடையாது. அங்கெல்லாம் சாட்டிலைட் வழி சொல்லட்டும், அதைப் பழைய ரேடியோ அலையாக மாற்றித் தர நடுவில் ஒரு பெட்டி இருந்தால் போதும், விமானத்தில் உள்ள எதையும் கழற்ற வேண்டாம் என்பது சாரின் கட்சி. பெட்டியையும் செய்துவிட்டார்.

“முள்ளுக்கு விஷயமே தெரியப்படாதுங்க. அது பாட்டுக்கு ஆடணும்” என்பார்.

விமானத்துக்கு எங்கே போவது? பெட்டியையும் ஒரு பழைய முள் மீட்டரையும் மொபெட்டில் மாட்டினார். மேலே கீழே முள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி அடக்கிவிட்டு, தெருமுனையில் இருந்து தன் வீட்டு கேட்டின் நடுமையம் வரை பெட்டிக்குள் ஒரு கோட்டைப் பதிந்துவைத்தார். முள் நடுவில் நின்றால்தான் உள்ளே நுழைவார். இல்லாவிட்டால் மறுபடி தெருமுனை.

“ஏங்க, மாவு புளிச்சுப் பொங்குது, உள்ள வாங்க!” என்று அவர் மனைவி மீனாட்சி அக்கா கேட்டில் நின்று கத்துவார்.

“முள்ளு லெப்ட்ல நிக்கிது மீனா, சுத்திக்கிட்டு வாரேன்!”

அவர் வீட்டு மாடியில் குடியிருந்த நான், ஒருமுறை ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு அவர் வண்டியில் ஏறி, வீடு சேர்ந்து அதைப் பாயசமாகக் குடித்திருக்கிறேன்.

பெட்டியைப் பற்றி அவர் எழுதாத அலுவலகம் இல்லை. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வந்த ஒரே பதிலை லேமினேட் செய்து மாட்டியிருந்தார். ஆறு வருஷம் கழித்து, ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியின் இன்ஜினியர் நேரில் வருவதாக எழுதினார். பிடித்திருந்தால் ஒரு சின்ன விமானத்தில் மாட்டிப் பார்ப்பார்களாம்.

“ஒரே ஒரு பிளேன், தம்பி. இந்தப் பெட்டி பேச்சக் கேட்டு அதுல முள்ளு ஆடுறதப் பாத்துட்டேன்னா போதும்” என்றார்.

இன்ஜினியர் வரவேண்டிய வாரம் பார்த்து சார் கீரமங்கலத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். அக்கா வாஸ்துக்காரரை அழைத்துவந்தார். ஆறு வருஷமாக நல்ல பதில் வராததற்கு கேட்தான் காரணம் என்று அவர் சுவரைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். மறுநாளே கேட் பத்தடி கிழக்கே போய்விட்டது. பழைய இடத்தில் சுவர் எழும்பி, பூச்சும் முடிந்தது.

“சாருகிட்ட சொல்லிறாதீங்க தம்பி. வந்து பாத்து அசந்து போகட்டும்” என்றார் அக்கா. நானும் வாயை மூடிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சார் பஸ்ஸில் இருந்து இறங்கி நேராகத் தெருமுனைக்கு வந்தார். இன்ஜினியர் காத்திருந்தார், நான் மொபெட்டோடு நின்றேன். வெளியே பார்க்காமல் இறங்கிப் பழகும் விமானிகளைப் போல, சார் ஹெல்மெட் கண்ணாடியில் பேப்பர் ஒட்டிக்கொண்டார். குனிந்தால் முள் மட்டும் தெரியும். நடை வேகத்தில் கிளம்பினார். ஆடுகளை விரட்டிக்கொண்டு முன்னால் ஓடிய எனக்கு, புது கேட்டில் ஆரத்தித் தட்டோடு நின்ற அக்காவைப் பார்த்த பிறகுதான், பெட்டிக்குத் தெரிந்தது பழைய கேட் மட்டும்தான் என்பது உறைத்தது. “சார், நிப்பாட்டுங்க!” என்று கத்தினேன். முள் நடுவில் நிற்கும் ஆனந்தத்தில் அவருக்குக் காது கேட்கவில்லை. மொபெட் ஈரம் காயாத சுவரில் போய் முட்டி நின்றது.

“கேட்டு இங்கிட்டு இருக்குங்க!” என்று அக்கா அலறினார்.

சார் ஹெல்மெட்டைக் கழற்றிச் சுவரையே பார்த்தார். இன்ஜினியர் பக்கம் திரும்பவே இல்லை. அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

“ஒங்க பெட்டி ஜெயிக்கணும்னுதாங்க மாத்துனேன்” என்று அக்கா விம்மினார்.

இன்ஜினியர் டேப்பை எடுத்தார். புதுப் பூச்சை ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரம் வரை அளந்தார். சக்கரம் முட்டிய இடம் நட்ட நடு.

“பெட்டி மேல தப்பில்ல சார். நீங்க சொல்லிவச்ச வாசலுக்குக் கரெக்டா கொண்டாந்து விட்டிருக்கு. வாசல் மாறுனத யாரும் அதுக்குச் சொல்லல” என்றவர், பெட்டியைக் கையோடு கேட்டு வாங்கிப் போனார்.

அடுத்த மாதம் சார் ஒரு சின்ன விமானத்தில் விமானிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முள் நடுவில் நிற்பதைக் கண்ணாரப் பார்த்துவிட்டு வந்தார். எல்லாம் கேட்டை மாற்றியதால் வந்த யோகம் என்று வாஸ்துக்காரர் இன்றும் சொல்லித் திரிகிறார்.

சுவருக்கு எத்தனையோ தடவை வெள்ளையடித்தாயிற்று. சக்கரம் பதிந்த இடத்தில் மட்டும் அக்கா யாரையும் கை வைக்க விடுவதில்லை. அந்தப் பக்கம் போனால் நானும் முதலில் அந்தத் தடத்துக்கு நேராக வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கேட் பக்கம் திரும்புகிறேன். எனக்கு சாரின் வாசல் அதுதான்.