கண்ணாடிப் பெட்டி மேகம்

"பாப்பாவுக்கு எழுதிட்டீங்களா மொதலாளி?" என்று கேட்டாள், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பூரணி.

ராகலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த சிதம்பரநாதன், சீத்தைத் துணியை அளந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். "என்னத்த எழுதணும்?"

"மேகம் செய்யிறாங்கன்னு சொன்னீங்களே. எங்க தோட்டத்துக்கு ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க. மழை இல்லாம கொழுந்தெல்லாம் கருகுது. வாரத்துல மூணு நாள்தான் வேலை."

அவரே இழுத்துப் போட்டுக்கொண்ட வம்பு இது. கொழும்பில் பௌதிகத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த அவருடைய ஒரே மகள் யோகேஸ்வரி, ஓராண்டு ஆராய்ச்சிக்காக இங்கிலாந்தில் ஓர் ஆய்வுகூடத்துக்குப் போயிருந்தாள். 'கண்ணாடிப் பெட்டிக்குள் மேகம் உண்டாக்கி, அணுத் துகள்கள் அதைக் கிழித்துக்கொண்டு போகும் கோடுகளைப் படம் எடுக்கிறோம்' என்று கடிதம் எழுதியிருந்தாள். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சிதம்பரநாதன் அதை வாசித்துக் காட்டினார். துகளும் கோடும் தமக்கே விளங்காததால் மேகத்தோடு நிறுத்திக்கொண்டார்.

"அது வேற மேகம்" என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், வேறு மேகமென்றால் எது என்று கேட்பாள்.

"எழுதியாச்சு" என்றார்.

மறுநாள் அதே தோட்டத்துத் தொழிலாளர் தலைவர் சோலைமலை வந்தார். "பதில் வந்துச்சுங்களா?"

"தபால் மெதுவாத்தான் வரும்."

அடுத்த நாள் வேறொருத்தி. அதற்கடுத்த நாள் வேறொருவர். ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை. யாரும் ஒரு முழம் துணி வாங்கவில்லை; மேகம் என்னவாயிற்று, பாப்பா என்ன எழுதியிருக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவரும் ஆளுக்கொன்றாய் அளந்து விட்டார்.

மூன்று வாரம் கழித்து, ஒரேயடியாக முடித்துவிட நினைத்தார். "பதில் வந்துருச்சு. மேகத்தப் பார்சல்ல அனுப்ப முடியாதாம். வழியிலயே கரைஞ்சிருமாம்."

சோலைமலை தலையாட்டினார். "நியாயந்தான். அப்ப பாப்பா நேர்ல வந்துதான் செய்யணும். எப்ப வர்றாங்க?"

"வருவா."

"எப்பங்க?"

"பங்குனிக்குள்ள."

வாய் தவறி விழுந்த அந்தப் பங்குனி, அவருக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது. மகளுக்கு அங்கே இன்னும் ஐந்து மாதம் இருந்தது. பங்குனி போய்விட்டால் கடைத்தெருவே தம்மைப் பொய்யன் என்று சிரிக்கும். மாசி பிறந்த அன்று தபாற்கந்தோருக்குப் போய், 'அம்மாவுக்கு நோய் கடுமை, உடனே வா' என்று தந்தி அடித்துவிட்டு வந்தார்.

மாவாட்டிக்கொண்டிருந்த அவருடைய மனைவி சீதாலெட்சுமி விஷயத்தைக் கேட்டு நிமிர்ந்தாள். "எனக்கா கடுமை? என்ன வியாதிங்க?"

"அத இன்னும் யோசிக்கல."

"புள்ள படிப்பு கெட்டுறும். இப்பவே போயி இன்னொரு தந்தி அடிங்க."

போனார். தபாற்கந்தோர் வாசலில் சோலைமலை நின்றார். "பாப்பா கிளம்பிட்டாங்களா?"

"கிளம்பிட்டா" என்று சொல்லிவிட்டு, உள்ளே போகாமலே திரும்பி வந்தார்.

பங்குனி முதல் வாரமே மழை பிடித்துக்கொண்டது. அது விடுவதற்குள் யோகேஸ்வரியும் வந்துவிட்டாள். கப்பலில் மூன்று வாரம் அழுத முகத்தோடு, நுவரெலியா பஸ்ஸிலிருந்து இறங்கி நனைந்தபடி வீட்டுக்குள் ஓடினாள். அம்மா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

சீதாலெட்சுமி மகளைக் கட்டிக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். சிதம்பரநாதன் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார்.

யோகேஸ்வரி நனைந்த பெட்டியைக் கீழே வைத்தாள். "மூவாயிரம் படம் எடுத்தேன்ப்பா. நாங்க தேடுன கோடு ரெண்டு படத்துல இருந்த மாதிரி இருந்துச்சு. இன்னும் நாலு மாசம் இருந்திருந்தா உறுதியாச் சொல்லியிருப்பேன்."

"திரும்பிப் போயிரும்மா. நான் அனுப்புறேன்."

"என் எடத்த வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க. இனி அத அவர் உறுதியாச் சொல்லுவார்."

இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் பெட்டியைக்கூடத் திறக்காமல் தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை பூரணி கடைக்கு வந்தாள். "பாப்பா வந்துட்டாங்களாமே. ஒரு பார்வ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"மழைதான் வந்துருச்சே, இன்னும் எந்த மேகம் வேணும்?" சிதம்பரநாதன் அளவுகோலைக் கீழே போட்டார். "நீங்க கேட்டீங்கன்னுதானே பொய்யச் சொல்லி அவளக் கூப்புட்டு, அவ படிப்பயே கெடுத்து வச்சிருக்கேன்."

பூரணி கடைப் படியில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"பொட்டியில செய்யிற மேகம் மழை பேயாதுன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா மொதலாளி? பாப்பா போனதுலேருந்து அவங்க பேச்ச எடுத்தாத்தான் நீங்க சிரிச்சீங்க, அதான் எங்க லயத்து வீடுகள்ல முறை வச்சு ஆளுக்கு ஒரு நாள் வந்து கேட்டோம்."