லோறென்ஸ்கூக் காட்டில் ஒரு போலிச் சோதனைச்சாவடி

பின்னேரம் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. 2005 நவம்பர். ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக் காட்டுக்குள் அந்த நேரமே இருட்டு இறங்கியிருந்தது.

அப்போது ஒஸ்லோவில் ஒரு முதலீட்டு நிதியத்தில் வேலை செய்தேன். போர் முடிந்தும் வங்கிகள் எட்டிப் பார்க்கப் பயப்படும் நாடுகளில், தொழில்களுக்கு முதல் போடுவது எங்கள் வேலை. அப்படியொரு நாட்டுப் பால் தொழிற்சாலைக்காக ஒரு வருடமாக வாதாடியிருந்தேன். நான் நேரில் போய்ப் பார்க்காவிட்டால் திட்டத்தையே கைவிட்டுவிடுவார்கள். போவதற்கோ பாதுகாப்புப் பயிற்சியில் தேற வேண்டும்.

"எனக்கெதற்கு இது? நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள்," என்றேன் அதிகாரியிடம். (அந்தத் திமிரை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.)

பயிற்சி இதுதான்: எங்கள் பஸ்ஸைக் காட்டுப் பாதையில் முகமூடிக்காரர்கள் போலிச் சாவடி போட்டு மறிப்பார்கள்; நாங்கள் அமைதியாகப் பணிய வேண்டும். அவ்வளவுதான். காலையிலேயே சொல்லித் தந்தார்கள். தலையையும் ஆட்டினேன்.

மூடுபனிக்குள் இருந்து உயரமான ஒருவர் வந்தார். நேரே என் கையைப் பிடித்தார். மற்றவர்கள் அழகாகப் பணிந்தார்கள். நான் அவருடைய கையைக் கடித்துவிட்டு ஓடினேன்.

சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் வேருக்கடியில் புகுந்தேன். ஜாக்கெட்டில் ரெஃப்லெக்ஸ் என்ற சின்னத் தகடு தொங்கியது. வெளிச்சம் பட்டால் மின்னும். (பிள்ளையை இருட்டில் கார் அடித்துவிடும் என்ற பயத்தில், வீட்டில் எல்லாருக்கும் அதை மாட்டிவிடுவதே நான்தான்.) உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டேன்.

காட்டில் ஒரு அசைவும் இல்லை. பிறகு ஒலிபெருக்கியில் என் பெயர் வந்தது.

"வசந்தி, பயப்படாதே. வெளியே வா."

மிகவும் அன்பான நோர்வேஜிய மொழி. ஊரிலும் ஒருமுறை ஆமிக்காரர் இப்படி அன்பாகத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்து போன பக்கத்து வீட்டுக்காரர் திரும்பி வரவேயில்லை.

டோர்ச் வெளிச்சங்கள் தலைக்கு மேலால் போயின. இது பயிற்சி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். நெடுநேரம் கழித்து, அவர்கள் வீட்டிலிருந்து வரவழைத்த என் கணவரின் குரல் கேட்டது.

"வசந்தி! நான்தானப்பா. வெளியால வாரும், எல்லாம் முடிஞ்சுது!"

அவரையும் பிடித்துவிட்டார்கள், துவக்கை நீட்டிக் கூப்பிட வைக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் உள்ளே நகர்ந்தேன். (இதை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை.)

பயிற்சியில் தேறிவிட்டேன்; இரக்கப்பட்டுத்தான் தேற்றியிருக்க வேண்டும். அந்த நாட்டுக்கும் போனேன், தொழிற்சாலைக்கு முதலும் கிடைத்தது. அங்கே உண்மையான சாவடியில் நின்றவர்கள் எனக்குத் தேத்தண்ணி தந்தார்கள்.

இப்போதும் வீட்டுக்குப் புதிதாக வருபவர் என்னிடம் கைநீட்டினால், "கவனம், இவ கடிப்பா," என்பார் கணவர். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் ஆஸ்பத்திரியில் ஒலிபெருக்கி என் பெயரைச் சொன்னால், உடனே எழும்ப மாட்டேன்.

அன்று காட்டில் கடைசியாக என்னை எழுப்பியது, கணவரோடு வந்திருந்த பன்னிரண்டு வயது மகளின் குரல். அதைக் கேட்டதும் கை தானாகத் திறந்தது. ரெஃப்லெக்ஸ் மின்னியது. அவள் ஓடிவந்து குனிந்து, டோர்ச்சை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். பின்னால் அந்த உயரமானவர், கையில் கட்டோடு, முகமூடி இல்லாமல்.

"அம்மா, எழும்புங்கோ. இவர் ஆமி இல்லை, என்ரை ஹொண்ட்பால் ட்ரேனர். சனிக்கிழமை எங்களுக்கு மேட்ச். இனி இவற்ரை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?"