சிஐடி டீச்சரும் கன்டெய்னர் லாரிகளும்

எங்கள் சிஐடி டீச்சர் சந்தேகப்படாத பொருள் இந்த உலகத்தில் எதுவுமே கிடையாது. தண்ணீர் கேனைத் திறந்தால் மோந்து பார்ப்பார். பிள்ளைகள் பிறந்தநாள் சாக்லேட் நீட்டினால், "போன மாசம்தானேடா பொறந்த?" என்பார். திருவொற்றியூரில் எங்கள் தொடக்கப் பள்ளியில் அவருக்கு இரண்டாம் வகுப்பு, எனக்கு மூன்றாம் வகுப்பு. நடுவில் ஒரு தட்டிதான். அவருடைய விசாரணை முழுக்க எனக்குக் கேட்கும்.

"ஏன் லேட்டு?"

"கன்டெய்னர் வுடல மிஸ்."

"நீ?"

"கன்டெய்னர்தான் மிஸ். ரோட்லயே நின்னுகினு இருந்தோம்."

தட்டிக்கு மேல் டீச்சரின் தலை எழும்பியது. "பாத்தீங்களா சார்? அஞ்சு பேருக்கும் ஒரே பதில். பேசி வச்சுக்கிட்டு வருதுங்க."

வாயை ஊதச் சொன்னார். வடை வாசனை இல்லை. செருப்பைத் திருப்பினார். கடற்கரை மணல் இல்லை. "தடயத்தை அழிச்சிருக்காங்க சார்!"

மறுநாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, பிள்ளைகளின் தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் பின்னால் ஒளிந்தார். பிள்ளை பிடிக்க வந்தவள் என்று கடைக்காரர் அவரைச் சந்தேகப்பட்டது தனிக்கதை.

ஹார்பர் போகும் கன்டெய்னர் லாரிகள் இடைவெளியே இல்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தன. ஐந்து பேரும் கைகோத்து நின்றார்கள். ஓர் அடி வைப்பார்கள், ஹாரன் அலறும், பின்வாங்குவார்கள். திடீரென்று குட்டி யாமினி கையை உதறிவிட்டு ஓடினாள். அவளைவிட உயரமான டயர் ஒன்று கிறீச்சிட்டு நின்றது.

டீச்சர் பாய்ந்துபோய் அவளைப் பிடித்துக்கொண்டு லாரி முன்னால் நின்றுவிட்டார்.

டிரைவர் தலையை நீட்டினார். "இன்னாம்மா நீ, போலீசா?"

"டீச்சர். லைசென்ஸை எடு. இந்த போட்டோவுல இருக்கறது நீதானா?"

"சத்தியமா நான்தாம்மா!"

விசாரணை முடிவதற்குள் மற்ற நால்வரும் ரோட்டைக் கடந்துவிட்டார்கள். இதை என்னிடம் சொல்லி முடிக்கும்வரை டீச்சர் யாமினியின் கையை விடவே இல்லை.

அதிலிருந்து தினமும் காலையில் அவருக்கு ரோட்டில்தான் டியூட்டி. பிள்ளைகள் நேரத்துக்கு வந்தார்கள், டீச்சர் லேட். கடைசி லாரி டிரைவரையும் விசாரித்துவிட்டுத்தானே வருவார்! தலைமை ஆசிரியை காரணம் கேட்டார்.

"கன்டெய்னர் மேடம்."

மேடம் நம்பவே இல்லை.

போன வாரம் டீச்சருக்குக் காய்ச்சல். நான் போய்க் கையைக் காட்டினேன். ஒரு வண்டியும் மதிக்கவில்லை. யாமினி என் விரலைப் பிடித்து இழுத்தாள். "வேணாம் சார். மிஸ் வந்துடும்."

காய்ச்சல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவளோடு சேர்ந்து நானும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.