பூச்சாண்டிக் கட்சியின் வெற்றி

பட்டிமன்றத்தில் தோற்றவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நடுவரைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம். ஜெயித்தவன் பாடுதான் திண்டாட்டம். அவன் சொன்னதைச் சபை நம்பித் தொலைத்துவிடுகிறது. (நான் வாழ்க்கையில் ஒரே ஒரு பட்டிமன்றத்தில்தான் ஜெயித்தேன். அதற்கே இந்தக் கதி.)

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். காலையில் பிள்ளைகளுக்கு இலக்கணம், மாலையில் கண்ணாடிக்கு முன்னால் எனக்கு நானே சொற்பொழிவு. தை மாதம் பண்டாரவளையில் எனக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. பெண் பார்த்தது, பேசி முடித்தது எல்லாம் என் அக்கா புஷ்பம். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு எல்லாமே அவள்தான். தெமோதரைக்கு மேலே, நாங்கள் பிறந்த தோட்டத்திலேயே, மச்சானோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தாள். மேல் டிவிசனில், ஒற்றை அறைக் காம்பராக்களை வரிசையாக ஒட்டி வெள்ளைக்காரன் கட்டிய பழைய லயம் அது. பின்பக்கக் குசினியிலிருந்து கையை நீட்டினால் மலை. நடுவில் தண்ணீர் ஓட ஒரு கான் மட்டும் இருந்தது.

அந்த வருடம் கொழும்பிலிருந்து ஒரு சுற்றாடல் நிறுவனம் எங்கள் தோட்டத்துக்குள் வந்தது. (பெயர் வேண்டாம். நல்லவர்கள்தான்.) மரக்கன்று கொடுத்தார்கள், துணிப்பை கொடுத்தார்கள், நெஞ்சில் 'பூமி நம் வீடு' என்று எழுதிய பச்சை டீ-சேர்ட் கொடுத்தார்கள். சொந்தமாக ஒரு வீடு இல்லாத சனத்துக்குப் பூமியையே வீடாகக் கொடுத்த தாராளம். தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை, விழிப்புணர்வுக்காகத் தோட்டத்து மண்டபத்தில் ஒரு பட்டிமன்றமும் வைத்தார்கள். தலைப்பு: 'காலநிலை மாற்றம்: உண்மையா, பூச்சாண்டியா?'

உண்மைக் கட்சி ஜெயிக்கும், சனம் விழிப்படையும், போட்டோ எடுத்துக்கொண்டு போகலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. யார் எந்தக் கட்சி என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். எனக்குப் பூச்சாண்டி விழுந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், சீட்டைப் பிரிக்கும்வரை எனக்கு இதில் ஒரு கருத்தும் இல்லை. மழை பெய்தால் குடையை விரிப்பேன், நின்றால் மடக்குவேன். காலநிலை பற்றிய என் கொள்கை அவ்வளவுதான். ஆனால் ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று "எல்லாம் பூச்சாண்டி" என்று கத்திப் பாருங்கள். முதலில் சந்தேகம் வரும், பிறகு கோபம் வரும், கடைசியில் உலகத்தையே ஏமாற்றுகிறார்களே என்று தூக்கம் வராது. ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் கண்ணாடியில் இருந்த ஆளை நான் முழுசாக நம்பிவிட்டேன்.

மேடையில் வெளுத்துக் கட்டினேன்.

"காட்ட வெட்டித் தேயில வச்சது யாரு? நம்ம பாட்டன் பூட்டனா? வெட்டச் சொன்னவன் கப்பலேறிப் போயிட்டான். இன்னிக்கு நம்ம அக்கா தங்கச்சி ரெண்டு சுள்ளி பொறுக்கினா பூமி சூடாகிப் போயிருதாம்" என்றேன். பெண்கள் பக்கமிருந்து ஒரு விசில் வந்தது. (அக்கா. அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.)

"ஒரு காம்பராவுக்கு ஒரு பல்பு, ஒரு டீவி. இதுலயா சூடு கூடுது? ஏசி போட்ட ஜீப்புல வந்து எறங்கி, அந்த பல்ப அணைங்கங்கிறாங்க. மழ எப்பவும் பேஞ்சதுதான், மல எப்பவும் சரிஞ்சதுதான். பயங்காட்டினாத்தான் திட்டம் வரும், திட்டம் வந்தாத்தான் ஜீப்பு வரும். இனிமே பச்சச் சட்ட போட்டவன் எவனாச்சும் வந்து, மல சரியுது ஓடுங்கன்னு சொன்னா, போயிட்டு வாங்க சாமின்னு கும்புட்டு அனுப்பிருங்க."

கடைசி வாக்கியத்துக்கு மண்டபத்துத் தகரம் அதிர்ந்தது. நான் சொன்னதில் பாதி சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். வினையே அங்கேதான் இருந்தது. பழி நம்மேல் இல்லை என்பது ஒன்று, மழை மாறவில்லை என்பது வேறொன்று. முதலாவதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கி, அந்தச் சூட்டோடு இரண்டாவதையும் சனத்தின் தலையில் கட்டிவிட்டேன். முழுப்பொய் என்றால் எங்கள் ஆட்கள் லேசில் நம்பமாட்டார்கள். (நிறையத் தேர்தல் பார்த்தவர்கள்.)

நடுவர், பதுளை டவுனில் புடைவைக் கடை வைத்திருந்த ஹனிபா ஹாஜியார். "பூமி சூடாகுதோ இல்லையோ, தம்பி சபையச் சூடாக்கிட்டாரு" என்று பூச்சாண்டிக்கே தீர்ப்புச் சொன்னார். விறகைக் குறைப்பதற்காக நிறுவனம் பரிசாகக் கொண்டுவந்திருந்த ரைஸ் குக்கரை, நிறுவனத்து அலுவலர் சுதர்சனின் கையாலேயே, அந்த நிறுவனத்தைக் கிழி கிழி என்று கிழித்ததற்காக நான் வாங்கினேன். பாவம், சிரித்துக்கொண்டேதான் தந்தார். "நீங்க பேசினதுல பாதிய நானும் ஆபீஸ்ல பேசுறதுதான்" என்றார் மெதுவாக. குக்கரை அக்காவிடம் கொடுத்துவிட்டு, ராஜா மாதிரி பதுளைக்கு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை மழை பிடித்தது. செவ்வாய்க்கிழமையும் விடவில்லை. மதியத்தோடு பள்ளிக்கூடத்தை மூடினார்கள். வீட்டுக்குப் போகக் குடையை விரிக்கும்போது சுதர்சன் போன் எடுத்தார்.

"மாஸ்டர், மேல் டிவிசனுக்கு மண்சரிவு எச்சரிக்கை குடுத்திருக்காங்க. மலையில வெடிப்பு விட்டிருக்கு. மத்த லயத்து ஆளெல்லாம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிட்டாங்க. உங்க அக்கா லயம் மட்டும் அசைய மாட்டேங்குது."

"ஏன்?"

"உங்க பேரச் சொல்றாங்க."

அக்காவின் போன் வேலை செய்யவில்லை. கிடைத்த பஸ்ஸில் தொங்கி, தெமோதரையில் இறங்கி, மழைக்குள் மலையேறினேன். குடை வழியிலேயே காற்றோடு போய்விட்டது. பாதி வழியில் இருந்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சுதர்சன் சனத்துக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பல் கிட்டி உடம்பு நடுங்குவதைப் பார்த்து, ஈரச் சட்டையைக் கழற்றச் சொல்லிக் காய்ந்த சட்டை ஒன்றைத் தந்தார். அவருடைய குடையையும் தந்தார். சட்டையைத் தலை வழியாக மாட்டிக்கொண்டு ஓடினேன். அது என்ன நிறம் என்று பார்க்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

லயத்து வாசலில் ஆண்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். அதில் முனியாண்டி அண்ணன் என்று ஒருவர், அக்காவுக்குப் பக்கத்துக் காம்பரா. என்னைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

"போயிட்டு வாங்க சாமி."

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். பச்சை.

"வெளையாடாதீங்கண்ணே. நெசமாவே மல வெடிச்சிருக்கு. எல்லாரும் எறங்குங்க."

"அப்ப ஞாயித்துக்கெழம சொன்னது?" என்று கேட்டது மச்சான். (என் சொந்த மச்சான்.)

"அது பட்டிமன்றம் மச்சான். எனக்குக் குடுத்த கட்சி அது."

அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. பட்டிமன்றத்தில் கட்சி என்றால் ஒரு பக்கம், அவ்வளவுதான். லயத்தில் கட்சி என்றால் கொடி, வாக்குறுதி, வென்ற பிறகு அந்தப் பக்கம் தாவுவது.

"அப்ப கட்சி மாறிட்டீங்க" என்றார் முனியாண்டி அண்ணன்.

"மாறலண்ணே. அன்னிக்கு அந்தக் கட்சிக்காகப் பேசினேன். இப்ப..."

"இப்ப இந்தக் கட்சி. எல்லாரும் அப்பிடித்தான் மாஸ்டர். எவ்வளவு குடுத்தாங்க?"

"ஒரு சதம் வாங்கல."

"சட்ட குடுத்திருக்காங்களே."

(இந்த மனுசன் அன்றைக்கு எதிரணியில் இருந்திருந்தால் குக்கர் என் கைக்கு வந்திருக்காது.)

எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. "எறங்கலாம் மாப்ள" என்றார் குரலைத் தாழ்த்தி. "எறங்கினா திருப்பி எப்ப ஏத்துவாங்க? மீரியபெத்தையில மல சரிஞ்சப்ப தப்பிச்சவங்க எத்தன காலம் முகாமுல கெடந்தாங்க? இங்க கோழி இருக்கு, பசு இருக்கு. நாம எறங்கின பொறவு தோட்டத்துக்காரன் காம்பராவுக்குப் பூட்டப் போட்டுட்டா எங்க போறது?"

அந்தப் பயம் எனக்கு முன்பே அங்கே இருந்திருக்கிறது. நகராமல் இருக்க அவர்களுக்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது, அதை அடுக்குமொழியில் கட்டி நான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது. நேரே அக்காவிடம் போனேன்.

அக்கா குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். விறகு அடுப்புதான் எரிந்தது. குக்கர் பெட்டியிலிருந்து எடுக்காமலே, பொட்டு வைத்து, சுவர்த் தட்டின் மேல் ஏறியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கானில் தண்ணீர் ஓடும் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"அக்கா, கெளம்பு."

"எங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு. இங்க ஆபத்துக்கா."

"நீதானேடா மேடையில நின்னு சொன்ன? என் தம்பி சொன்னத நானே மீறிப் போனா ஊரு நாலு விதமா பேசும். ஒன் பேச்ச நான் காப்பாத்துறேன். நீ சும்மா இரு."

நான் சும்மா இருக்கவில்லை. பேசினேன். ஆதாரம் காட்டினேன், உவமை சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை பேசியதற்கு வரிக்கு வரி மறுப்புச் சொன்னேன். இப்போது யோசித்தால், என் வாழ்நாளிலேயே சிறந்த பேச்சு அந்தக் குசினியில் பேசியதுதான். அக்கா கடைசிவரைக்கும் பொறுமையாகக் கேட்டாள்.

"ஞாயித்துக்கெழம இன்னும் நல்லா இருந்துச்சு" என்றாள்.

அதற்கு மேல் எனக்குச் சொல் வரவில்லை. பயமாக இருந்தது. இவளை இங்கே விட்டுவிட்டு என்னால் இறங்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது. பின்சுவரோரம், ஈரத் தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்னடா பண்ற?"

நான் பேசவில்லை.

"எந்திரி. ஒனக்குத் தையில கல்யாணம்."

பேசவில்லை.

"பொண்ணு வீட்டுக்கு வாக்குக் குடுத்தது நான்டா. ஒனக்கு ஒண்ணு ஆனா அவங்க மொகத்துல எப்பிடி முழிப்பேன்?"

மலைப் பக்கமிருந்து ஒரு கல் உருண்டு வந்து கானுக்குள் விழுந்தது. அக்கா அரிசி களைந்த தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினாள்.

"எனக்கு இந்த மலக் கதையில எல்லாம் நம்பிக்க இல்ல" என்றாள். "ஒனக்காக வர்றேன். கோழியப் புடி."

பிள்ளைகளை மச்சான் தூக்கிக்கொண்டார், குக்கரை அக்கா, கோழியை நான். அவ்வளவு பிடிவாதக்காரி புஷ்பமே இறங்குகிறாள் என்றதும் பூச்சாண்டிக் கட்சி கலைந்தது. ஒவ்வொரு காம்பராவாகப் பூட்டிக்கொண்டு, பசுவை அவிழ்த்துக்கொண்டு, என்னைத் திட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள். அதில் ஒருவரைக்கூட நான் நம்பவைக்கவில்லை.

மறுநாள் காலையில் மலை இறங்கியது. லயம் நின்றது. பின்பக்கக் குசினிகள் மட்டும் வரிசையாகப் போயிருந்தன. ஒரு உயிருக்கும் சேதமில்லை. போய்ப் பார்த்தால், நான் உட்கார்ந்திருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குச் சிவப்பு மண் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்து, கக்கூசுக்குப் பின்னால் மறைந்து நின்று அழுதேன். அக்கா தேடிக்கொண்டு வந்தாள். சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "நல்லவேள, பேசாம இருந்த" என்றாள்.

தையில் கல்யாணம் நடந்தது. அக்கா அந்தக் கதையைத் தாலி கட்டுவதற்கு முன்பே பெண் வீட்டாருக்குச் சொல்லி முடித்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதற்காவது நியாயம் எடுத்துப் பேச ஆரம்பித்தால் மனைவி, "பேசாம ஒக்காருங்க, ஒங்களுக்கு அதுதான் வரும்" என்பாள். இப்போது மகளும் சொல்லப் பழகிவிட்டாள். பட்டிமன்றத்துக்கு என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

ஆனால் உட்காருவதற்குக் கூப்பிடுகிறார்கள். லயம் அதே இடத்தில்தான் இருக்கிறது. புது வீட்டுக்கு ஒரு கட்சி வந்து அடிக்கல் நாட்டியது, அடுத்து வந்த கட்சி பக்கத்திலேயே இன்னொரு கல் நாட்டியது. காலநிலை மாற்றம் உண்மை என்பதில் இப்போது எல்லாக் கட்சிக்கும் ஒரே கருத்து. என்னைவிட நன்றாகப் பேசுகிறார்கள். குசினியை மட்டும் சனமே தகரம் அடித்துத் திருப்பிக் கட்டிக்கொண்டது. ஐப்பசி கார்த்திகையில் எச்சரிக்கை வந்ததும் அக்கா போன் எடுப்பாள். "தம்பி, குடுத்துட்டாங்க. ஒங்க மச்சான் நகர மாட்டேங்குறாரு. வந்து ஒக்காரு." நான் லீவு போட்டுவிட்டுப் போய் அந்தத் தகரக் குசினியில் உட்காருவேன். "மாஸ்டர் ஒக்காந்துட்டாரு, மூட்டையக் கட்டுங்க" என்று முனியாண்டி அண்ணன் லயம் முழுக்கக் குரல் கொடுப்பார்.

போன மழைக்குப் போனபோது மச்சான் எனக்கென்று ஒரு பலகை செய்து வைத்திருந்தார். வருடா வருடம் வருகிற ஆள் ஏன் ஈரத் தரையில் உட்கார வேண்டும் என்று நினைத்தாராம். பலா மரம், நான்கு பக்கமும் இழைத்து வழுவழுவென்று இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சுக்குள் ஒரு மாதிரியாகவும் இருந்தது.

"எத்தன வருசம் தாங்கும் மச்சான்?" என்று கேட்டேன்.

"நல்ல பலகதான் மாப்ள" என்றார். "நம்ம புள்ளைங்க காலத்துக்கும் கெடக்கும்."