மாமா சத்தமில்லாமல் பாடிய பாட்டு

நடந்தவை:

1. மாமா பாடிய பாட்டுகளை, இலவசமாகப் பாட்டுக் கேட்கும் ஒரு தளத்தில் ஏற்றினேன்.
2. யாரும் கேட்கவில்லை.
3. கேட்க வைத்தேன்.
4. அந்தப் பாட்டுகள் இப்போது தளத்தில் இல்லை.

மூன்றாவதை வாசிக்கும்போது நான் கணினிப் பொறியியல் படித்தவள் என்பதையும் சேர்த்துக்கொள்ளவும்.

மாமா, அம்மாவின் தம்பி. கண்டி மஹய்யாவையில் எங்கள் பக்கத்து வீடு. கடுகண்ணாவையில் சீடி கடை வைத்திருந்தார். பாட்டெல்லாம் போனில் சும்மா கிடைக்கத் தொடங்கியதும் அது போன் கவர் விற்கும் கடையானது. (பெயர்ப் பலகையில் வீணை மட்டும் அப்படியே இருக்கிறது.) அந்த நேரம் பார்த்துத்தான் அவர் சொந்தச் செலவில் பாடி ஒரு சீடி வெளியிட்டார். வாங்க ஆளில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார், ஹுன்னஸ்கிரிய ஊருக்குப் போகும் பஸ்ஸின் சாரதிக்கும் ஒன்று போனது. அடுத்த சீடிக்காகக் கொழும்பில் ஒரு கம்பெனிக்காரரைப் பிடித்தார்.

"இப்ப யாருங்க சீடி வாங்குறா? போன்ல ஆளுங்க கேக்குறாங்கன்னு காட்டுங்க, போடுவோம்" என்றார் அவர்.

மாமா என்னிடம் வந்தார். "நீ படிச்ச படிப்புக்கு இதெல்லாம் ஒரு வேலையா, புள்ள?"

மாமா கடைக்குப் போனதும் இரண்டு வீட்டுப் போன்களையும் திரட்டி, அவர் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சத்தத்தை அடைத்தேன். அத்தை தன் போனை அரிசி டின்னுக்குள் வைத்தார்.

"கல்யாணமாகி இன்னிக்குத்தான் இந்த மனுசன் சத்தமில்லாம பாடுறாரு."

எண்ணிக்கை ஏறியது. கடையிலிருந்து மாமா கூப்பிட்டார். "ஏறிக்கிட்டே போகுது புள்ள! எந்த ஊரு ஆளுங்க?"

"கண்டிப் பக்கந்தான், மாமா."

அவர் உடனே கம்பெனிக்காரரை வீட்டுக்கு அழைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, தேநீர், பிஸ்கட், புதுச் சட்டையில் மாமா. தளத்தைத் திறந்தால் பாட்டு இல்லை. எனக்கு வந்திருந்த மின்னஞ்சலைக் கம்பெனிக்காரரே வாசித்தார்.

"எல்லாம் ஒரே வீட்டு லைன்ல இருந்து கேட்டதாம். செயற்கைன்னு சொல்லித் தூக்கிட்டாங்க."

(அத்தனை போனையும் ஒரே வைஃபையில் போட்டால் பிடிபடும் என்பது நான் நல்ல புள்ளியோடு தேறிய பாடம்.)

மாமா என்னைப் பார்த்தார். நான் பிஸ்கட்டைப் பார்த்தேன்.

"அப்ப ஒருத்தருமே கேக்கலியா?"

"நான் கேட்டேனே" என்றார் அத்தை. "டின்னுக்குள்ள."

கம்பெனிக்காரர் தேநீர் நன்றாக இருந்ததாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது போனின் சத்தத்தை அடைத்தால், "மாமா பாடுறாரா?" என்று கேட்பார்கள். இப்போதெல்லாம் முதலில் கேட்பது மாமாதான்.

அடுத்த சீடி வரவில்லை. பழைய சீடி ஒன்று ஹுன்னஸ்கிரிய பஸ்ஸின் பாட்டுப் பெட்டிக்குள் சிக்கி வெளியே வர மறுக்கிறது. சாரதியால் வேறு எதுவும் போட முடிவதில்லை. மாமா ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரு வேலையும் இல்லாமல், டிக்கட் எடுத்து ஹுன்னஸ்கிரிய போய் வருகிறார். அந்த பஸ்ஸில் எப்போதும் ஆள் நிறைய.