பல் டாக்டரும் இரண்டு வால்வுகளும்

ஹெட்போனுக்குள் ஓர் இரைச்சல். பாட்டு ஓடும்போது தெரியாது. பாட்டை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டால் மட்டும் 'ம்ம்ம்' என்று கேட்கும். பல் டாக்டரோ காதைத் தீட்டிக்கொள்வதற்கென்றே பிறந்தவர்.

பகலெல்லாம் பல் குடையும் மிஷின் சத்தத்தில் கிடக்கிற மனிதர். அதனால்தான் காதை முழுக்க மூடும் கனத்த ஹெட்போனும், அதற்குத் துணையாக, பழைய ரேடியோவில் இருப்பதுபோல் கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபையரும் ஆசை ஆசையாக வாங்கிவந்தார். அந்த இரண்டு வால்வும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வதைப் பார்த்தால் அவருக்குப் பசிகூட மறந்துபோகும்.

சிக்கல், மனைவியின் தம்பி உருவத்தில் வந்தது. அவனுக்கு இந்த ஊருக்கு மாற்றல், பெட்டி படுக்கையோடு வந்துவிட்டான். ஆம்ப்ளிஃபையர் பெட்டி இருந்த சின்ன அறை அவனுக்குத்தான் என்று அக்கா முடிவே செய்துவிட்டாள். டாக்டர் கெஞ்சியதில் ஒரே ஒரு சலுகை கிடைத்தது. ஞாயிறு சாயங்காலம் அவள் உட்கார்ந்து கேட்பாள். போனில் கேட்பதற்கும் இதில் கேட்பதற்கும் வித்தியாசம் தெரிந்தால் அறை டாக்டருக்கு. தெரியாவிட்டால் பெட்டி திரும்பக் கடைக்கு.

"மனசாட்சிப்படி சொல்லணும்" என்றார் டாக்டர்.

"நான் எப்பங்க பொய் சொல்லியிருக்கேன்?"

அவருடைய பயமே அதுதான்.

கடைக்காரரிடம் இரைச்சலைப் பற்றிப் புலம்பியதற்கு, வால்வை மாற்றிப் பார்க்கச் சொன்னார். அந்தக் காலத்து வால்வு ஜோடி ஒன்றைப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்து மாட்டினார் டாக்டர். இரைச்சல் போகவில்லை. போதாக்குறைக்கு இந்த வால்வுக்குப் பாம்புச் செவி. வீட்டில் யார் காலடி வைத்தாலும் ஹெட்போனுக்குள் கிண்ணென்று மணி அடித்தது.

வீட்டில் நடமாட்டத்துக்குத் தடை விழுந்தது. நுனிக்காலில் நடந்த மச்சினன் சோபாவில் இடித்துக்கொண்டு நொண்டினான். பிறகு டாக்டர் மேஜைக் கால்கள் ஒவ்வொன்றின் கீழும் ஒரு ரப்பர் செருப்பைச் சொருகினார். அதில் இரண்டு மனைவியுடையவை. மணி நின்றது, மேஜை ஆட ஆரம்பித்தது, இரைச்சல் மட்டும் சௌக்கியமாக இருந்தது.

அடுத்து ஃப்ரிட்ஜ் மேல் சந்தேகம். இரண்டுக்கும் ஒரே கரண்ட் லைன். அதை அணைத்ததும் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறந்துவிட்டார். ஞாயிறு மதியம் சமையலறைத் தரையெல்லாம் தண்ணீர், பாலெல்லாம் திரிந்து போயிருந்தது. மனைவி சத்தம் போடவில்லை. ஃப்ரிட்ஜைப் போட்டுவிட்டு வந்து, சாயங்காலம் வரை காத்திருப்பானேன், பரீட்சையை இப்போதே வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

"கொஞ்ச நேரம் குடும்மா. பெட்டியோட வந்த வால்வையே திரும்ப மாட்டிடறேன்."

வால்வில் கை வைக்கும்முன் ஹெட்போனைப் பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் அது பாழாகிவிடும். இதில் டாக்டர் மகா ஜாக்கிரதை. பெட்டியை அணைத்தார், ஹெட்போன் வயரை உருவினார், கிளினிக் கையுறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டார். சுடச்சுட இருந்த வால்வைக் கடைவாய்ப் பல்லைப் போல மெல்ல ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். பழக்க தோஷத்தில் "வலிக்காது, வலிக்காது" என்றும் சொல்லிவிட்டார்.

"பஞ்சு வைக்கணுமா அத்தான்?" என்று கேட்டான் மச்சினன்.

அதையெல்லாம் காதில் வாங்க அவருக்கு நேரமில்லை. பெட்டியோடு வந்த ஜோடியை மாட்டி, பெட்டியைப் போட்டு, வால்வு ஒளிரத் தொடங்கியதும் ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தார். பாட்டு எதுவும் போடவில்லை. சத்தத்தைக் கடைசி வரை கூட்டினார்.

ஒன்றுமே இல்லை. ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றுமே இல்லை. டாக்டருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"மச்சான், நிசப்தம்னா இதுதான் நிசப்தம். இந்தப் பெட்டிக்கு எவ்வளவு குடுத்தாலும் தகும்."

சத்தத்தை அளவாகக் குறைத்து, ஹெட்போனை மனைவியின் தலையில் மாட்டி, கம்ப்யூட்டரில் பாட்டைத் தட்டிவிட்டார். அவள் நெற்றியைச் சுருக்கி ஏதோ கேட்க வந்தாள். காலமெல்லாம் எல்லோரையும் வாயைத் திறக்கச் சொன்ன மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறக்காதே என்று விரலைக் காட்டினார்.

அவள் அவரைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. பக்கத்து வீட்டில் சுவரைத் துளைக்கிறார்கள், இவளிடம் அசைவே இல்லை. பாட்டு முடிந்தது, அடுத்ததும் முடிந்தது, அவள் கழற்றுகிற வழியைக் காணோம்.

ஒருவழியாகக் கண் திறந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

"கல்யாணம் ஆனதுலேருந்து இப்படி ஒரு நிம்மதிய நான் அனுபவிச்சதே இல்லீங்க."

"போனுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரிஞ்சுதா?"

"மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இத திருப்பிக் குடுத்துடாதீங்க. தினமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் எனக்கு வேணும்."

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் இப்படி ஒரு ரசிகையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தெரியாமல் இருந்திருக்கிறாரே. இன்னும் உசத்தியான வால்வு போட்டால் இதைவிட அருமையாக இருக்கும் என்று அவளிடம் ஆசை காட்டினார். இதைவிடவா என்று அவள் வியந்தாள். அப்படியென்றால் அதையும் வாங்கிவிடச் சொன்னாள்.

அறை கைவிட்டுப் போன மச்சினன், பெட்டி படுக்கையை ஹாலுக்கு எடுத்துப் போக எழுந்தவன், தடுக்கி நின்று மேஜைக்கடியில் குனிந்தான்.

"அறைய நீங்களே வச்சுக்கோங்க அத்தான், ஆனா இந்த ஹெட்போன் வயர எதுலயாவது சொருகி வைங்க, நீங்க வால்வு பிடுங்கினதுலேருந்து கீழயே கிடந்து என் கால்ல மாட்டுது."