சகலையின் பதினோராயிரம்

"மூவாயிரத்து நூறு" என்றாள் மனைவி, வண்டிக்காரரின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு. "அக்கா வீட்டுக்காரருக்கு இன்னிக்குப் பதினோராயிரம்."

வண்டிக்காரர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை கிடங்கில் தள்ளுவண்டி தள்ளுகிறவர் அவர். சகலையோ, ஒரு ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற வாட்ச்மேன். இருவருக்கும் சர்க்கரை. நோயாளிகள் ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்ய, ஆஸ்பத்திரியில் இருவர் கையிலும் ஒரே நாளில் காலடியை எண்ணும் பட்டை கட்டி அனுப்பினார்கள். அன்று பிடித்தது சனி.

"உட்கார்ந்தே இருக்கிறவன் எப்படிடி நடப்பான்?"

"அவர் சுறுசுறுப்பு. நீங்க வேலைன்னு போய் எந்த மூலையில படுத்துக்கிறீங்களோ."

பத்து வருஷம் வண்டி தள்ளிக் காய்த்துப்போன உள்ளங்கையை அவர் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மறுநாள் மேஸ்திரியிடம் பட்டையைக் காட்டினார்.

"வண்டியைப் பிடிச்சிருந்தா கை ஆடாதுய்யா. கை ஆடினாத்தான் இது எண்ணும்."

இவ்வளவுதானா என்று ஒரு கையை வீசிக்கொண்டு மறு கையால் தள்ளினார். வண்டி கோணிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. ஒரு பெட்டி நிறைய பல்பு தரையில் நொறுங்கியது. மேஸ்திரி திட்டவில்லை. ஸ்டூலைக் காட்டினார்.

"இனிமே உட்கார்ந்து லேபிள் ஒட்டு."

அன்று எண்ணூறு.

"ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடக்கிறவங்களுக்கே இதைவிடக் கூட வருமே" என்றாள் மனைவி. அதை அக்காவுக்கும் போன் போட்டுச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை, சகலையின் குட்டை உடைப்பதென்று அவர் வீட்டுக்கே போனார். சகலை நாற்காலியை விட்டு எழவில்லை. டீயைக்கூட டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, மகாராஜா மாதிரி நிதானமாகக் குடித்தார். குடித்து முடித்ததும் பட்டை கட்டிய கை மடிக்குப் போய், சின்னதாக ஆட ஆரம்பித்தது.

"என்ன சகலை, கை ஆடுது?"

"அது பாட்டுக்கு ஆடுது சகலை" என்று சிரித்தார் சகலை.

பச்சைத் திருடன், என்று நினைத்துக்கொண்டார் வண்டிக்காரர்.

திங்கட்கிழமை முதல் ஸ்டூலில் இருந்தபடி பட்டைக் கையைத் தொடையில் வைத்து ஆட்டினார். மறு கையால் ஒட்டினார். லேபிளெல்லாம் தலைகீழாகப் போயின. ஆனால் சாயங்காலம் பதினாலாயிரம். மறுநாள் பதினெட்டு. மனைவி அந்த எண்ணை அக்காவிடம் இரண்டு தடவை சொன்னாள். அக்கா போனை வைத்துவிட்டாள். வண்டிக்காரர் அன்று நன்றாகச் சாப்பிட்டார்.

மாதக் கடைசியில் ஆஸ்பத்திரிக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். அவளும் காதால் கேட்கட்டும் என்று.

நர்ஸ் கம்ப்யூட்டரில் கோடுகளைப் பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள். மனைவிக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சகலையைவிட நான்தானேம்மா முன்னாடி?" என்றார் அவர்.

"ஆமாங்க" என்றாள் நர்ஸ், குரலைத் தணித்து. "கைநடுக்க நோய் அவருக்கு இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. உங்களுக்கு ரொம்ப முத்திப்போச்சு."